கடற்கோட்டை மதிலில் நிலாந்தினி

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே கடலுக்குள் நிற்கும் ஒல்லாந்தர் கோட்டையை நிலாந்தினி பிறந்ததிலிருந்து கரையில் நின்றுதான் பார்த்திருக்கிறாள். கலியாணமான புதிதில் வாகீசன் அவளை அங்கே கூட்டிப்போகப் புறப்பட்டான். அன்றைக்குக் கடல் கொந்தளிப்பு, படகு விடவில்லை. அடுத்தமுறை போவோம் என்று சொல்லிவிட்டுப் பிரான்சுக்குத் திரும்பியவன்தான். நான்கு வருடமாகியும் அவளை அங்கே கூப்பிடும் விசா அலுவல் சரிவரவில்லை.

இன்றைக்கு அவனுடைய தங்கை மேனுகா விடாப்பிடியாக அவளை இழுத்துவந்தாள்.

"அண்ணை வரட்டுமெண்டு இருந்தால் நீங்கள் கிழவியாயிடுவியள், மச்சாள்."

காரைநகரில் படகேறிக் கோட்டை வாசலில் இறங்கினார்கள். உப்பு அரித்த மதில்மேல் ஏறியதும் காற்று சால்வையைப் பிடுங்கியது. ஊர்காவற்றுறைத் துறைமுகம் கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தது. கரையிலிருந்து பார்த்தபோது இந்தக் கோட்டைதான் எவ்வளவு தூரமாக இருந்தது!

மேனுகா படம் பிடிக்கப் போய்விட, நிலாந்தினி வாகீசனுக்கு வீடியோ அழைப்பு எடுத்தாள். வேலைக்குப் போகிற ரயிலில் இருந்தான். அவள் மதிலையும் பீரங்கி வைத்த இடத்தையும் கடலையும் காட்டினாள்.

"கோட்டை கிடக்கட்டும். கமராவைத் திருப்பும், உம்மைப் பாப்பம்."

திருப்பினாள். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"என்னப்பா, ஒண்டும் பேசாமல்?"

"நேற்றுச் சொல்ல மனம் வரேல்லை. உம்மடை விசாவைத் திரும்பவும் மறுத்துப்போட்டாங்கள். இனி முதலிலையிருந்து விண்ணப்பம் போடவேணும்."

அழுகை வருமென்று எதிர்பார்த்தாள். வரவில்லை. அவனுடைய தலைமயிர் நெற்றிக்கு மேலே உதிர்ந்து ஐதாகியிருப்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. அந்த நெற்றியைத் தொடவேண்டும்போல் இருந்தது.

"போடவேண்டாம். நீங்கள் வாங்கோ. பாத்திட்டுப் போக இல்லை, இருக்க வாங்கோ."

"வந்து என்ன செய்யிறது?"

"எனக்குத் தெரியாது. ஆனால் இனிமேல் போனிலை குடும்பம் நடத்த என்னாலை ஏலாது."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"மாரிமழைக்கு முன்னம் வாறன். ஓம், இருக்கத்தான்."

தொடர்பு அறுந்தது. கீழே மேனுகா படகு வெளிக்கிடப்போகிறது என்று கூப்பிட்டாள். நிலாந்தினி இறங்கவில்லை. மாரிக்கு இன்னும் எத்தனை மாதம் கிடக்கிறது! வெயிலில் சுட்ட கல்லில் உள்ளங்கையை அழுத்திக்கொண்டு, மேற்கே கடல் முடியும் இடத்தையே பார்த்து நின்றாள்.