சாம்பிள் காய்

ஏலக்காயில் சாயம் ஏற்றியிருந்தால் வியாபாரி தங்கபாண்டியனின் வேட்டி காட்டிக்கொடுத்துவிடும். சாம்பிளில் ஒரு காயை எடுப்பார், தண்ணீரில் நனைப்பார், வேட்டி முனையில் ஒரு தேய் தேய்ப்பார். துணியில் பச்சை ஒட்டினால், "லோடத் திருப்பிக் கொண்டுபோப்பா" என்பதோடு பேச்சு முடிந்தது. போடிநாயக்கனூரில் முப்பது வருடமாக அவரை ஏமாற்றியவர் யாருமில்லை.

அப்பேர்ப்பட்டவர்தான் அன்று காலை மகள் அருணாவை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போடிமெட்டுக்கு மேலே போனார். மதுரையில் வேலை பார்க்கும் அருணாவுக்கு இருபத்தாறு வயது. மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியதும், தன் மனசு பெண்ணிடம்தான் போகும், ஆணிடம் போகாது என்று வீட்டில் சொல்லிவிட்டாள். அம்மா ஜெயபாக்கியத்துக்கு மூன்று நாளாகப் பச்சைத்தண்ணீர் பல்லில் படவில்லை. தேனியில் ஒரு மனநல மருத்துவரிடம் போனார்கள். "இது நோயே இல்லைங்க. மாத்துறேன்னு எந்த டாக்டராவது சொன்னா அதுதான் தப்பு" என்று அவர் சொல்லி அனுப்பினார். கேட்க விரும்பாததைச் சொல்லும் வைத்தியரை யாருக்குத்தான் பிடிக்கும்? நாற்பது நாளில் மாற்றித் தருகிறோம் என்ற இன்னொரு இடத்தைத் தங்கபாண்டியன் தேடிப் பிடித்தார்.

வளைவுகளில் ஜீப் திரும்பத் திரும்ப அருணாவின் முகம் வெளுத்தது.

"அம்மா சாப்பிடணும்னுதான் வர்றேன்ப்பா. மாத்திரை குடுத்து வாந்தியெடுக்க வைப்பாங்க, கரண்டு வைப்பாங்க. இப்படி ஒரு எடத்துக்குப் போயிட்டு வந்த என் சிநேகிதி இப்ப உசுரோட இல்ல."

"சும்மா வா தாயி. எல்லாம் நல்லதுக்குத்தேன்" என்றார். அவர் குரலே அவருக்கு உறுதியாகப் படவில்லை.

அங்கே வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் முதல் வேலையாக அருணாவின் போனை வாங்கி மேசைக்குள் வைத்தார். நாற்பது நாள் யாரும் பார்க்க வரக்கூடாது என்று சொல்லி, ஒரு தாளைத் தங்கபாண்டியனிடம் தள்ளினார். அவர் பேனாவைத் திறந்தார்.

"சந்தேகம் இருந்தா எங்ககிட்ட குணமானவங்களை நீங்களே பாருங்க சார்."

மகா என்ற பெண் உள்ளே வந்தாள். தலை நிறையப் பூ, பக்கத்தில் புருஷன். "நான் குணமாயிட்டேன். இப்ப சந்தோசமா இருக்கேன்" என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல ஒப்பித்தாள்.

சாம்பிளைக் கண்டால் தங்கபாண்டியனின் கை சும்மா இருக்காது. "நல்லாத் தூங்குறியா ஆத்தா?" என்று கேட்டார்.

மகா புருஷனைப் பார்த்தாள், பிறகு வெள்ளைக் கோட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் தலையசைத்த பிறகுதான் "தூங்குறேன்" என்றாள்.

ஊரார் காயையெல்லாம் தேய்த்துப் பார்த்தவன், பெற்ற மகள் விஷயத்தில் கண்ணை மூடிக்கொண்டு வந்துவிட்டோமே என்று தங்கபாண்டியன் நொந்துபோனார். பேனாவை மூடினார்.

"சாம்பிள் பாத்துட்டேன். சாயம் ஒட்டுது. புள்ள போனக் கொண்டாங்க."

போகும்போது மகாவிடம், "போடியில தங்கபாண்டியன் கடைன்னா ஆரும் காட்டுவாக. எப்ப வேணும்னாலும் வா ஆத்தா" என்றார்.

ஜீப்பில் ஏறியதும் அருணா அவர் தோளில் சாய்ந்து அழுதாள். ஒரு கையால் அவளை அணைத்துக்கொண்டு, மறு கையால் வீட்டுக்குப் போன் போட்டார்.

"பாக்கியம், வெரசா ஒலய வையி. மூணு பேருஞ் சேந்து சாப்பிடுவோம். நம்ம புள்ளைக்குச் சீக்கு ஒண்ணும் இல்ல. பெறவிக் கொணத்துக்கு மருந்து கெடையாது. மருந்துன்னு சொல்லி அவய்ங்க விக்கிறது சாயந்தேன். மாற வேண்டியது அவ இல்ல, நாம ரெண்டு பேரு."