சர்வேயர் வீட்டின் தள்ளாட்டம்

சர்வேயர் ஞானதிரவியம் குடித்தால் அவருடைய வீடு தள்ளாடும். அவர் தள்ளாட மாட்டார். ஒரு குவார்ட்டரை முடித்துவிட்டுக் கோடு போட்டதுபோல் நேராக நடந்து வருவார். பேச்சும் குழறாது. அதே நேரத்தில் வடக்குத் தெருவில் அவருடைய வீடு முதலில் ஒரு பக்கமாகச் சாயும். பிறகு ஏதோ நினைவுக்கு வந்ததுபோல் எழுந்து நடக்கும்.

பனையூரணியில் இதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. தபால்காரர்தான் நாலு தெரு சுற்ற வேண்டியிருந்தது. ஒருமுறை வீடு பக்கத்து மனைக்குள் மூன்றடி புகுந்து படுத்துக்கொண்டது. புகார் ஞானதிரவியத்தின் மேஜைக்கே வந்தது. அவர் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தார். ஆக்கிரமிப்பு உண்மைதான் என்று தன்மீதே அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுத்து முத்துமுத்தாக இருந்தது.

அவர் மனைவி ஜெபக்கனி சண்டை போடுவதை எப்போதோ நிறுத்திவிட்டார். பாத்திரங்களைக் கயிற்றால் சுவரோடு கட்டி வைத்திருந்தார். மகள் ஷெர்லின் ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் எழுதப் பழகியிருந்தாள்.

பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குத் தேர்வன்று காலையில் பார்த்தால், வீடு ஊருக்கு வெளியே கண்மாய்க் கரையில் குப்புறக் கிடந்தது. மூவரும் ஜன்னல் வழியாக இறங்கினார்கள். ஷெர்லின் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது தேர்வு தொடங்கி அரை மணி நேரம் ஆகியிருந்தது.

சாயங்காலம் அவள் அழவில்லை. "அப்பா, வீடு எங்க வேணும்னாலும் படுத்துக்கட்டும். பஸ் போற ரோட்டுப் பக்கமா படுக்கச் சொல்லுங்க, அது போதும்" என்றாள்.

ஞானதிரவியம் சோற்றுத் தட்டை மூடி வைத்துவிட்டு வெளியே போனார்.

பஸ் ஸ்டாண்டுச் சுவரில், மூல வைத்தியப் போஸ்டருக்கும் டியூஷன் போஸ்டருக்கும் நடுவில், 'குடியை நிறுத்த வேண்டுமா?' என்று ஒரு சின்னத் தாள் ஒட்டியிருந்தது. பஸ் நேரம் பார்ப்பவர்போல் மூன்று முறை அதைக் கடந்து போனார். நாலாவது முறை அந்த நம்பருக்குப் போன் செய்தார்.

"செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறு மணி. மாதா கோயிலுக்குப் பின்னால இருக்கிற ஹால்" என்றது ஒரு குரல். "உங்களுக்கு எது சார் தள்ளாடுது?"

"வீடு."

"அதையும் கூட்டிட்டு வாங்க."

செவ்வாய்க்கிழமை வீட்டோடு கிளம்பினார். வீட்டுக்குத் தெரிந்ததோ ஒரே ஒரு பாதை. நேராக ஒயின்ஷாப் முன்னால் போய் நின்றுகொண்டது. தள்ளினாலும் நகரவில்லை. ஜெபக்கனி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்து, "நீங்க முன்னால நடங்க. திரும்பிப் பாக்காதீங்க" என்றார். அவர் நடந்தார். கொஞ்ச தூரம் போனதும், பின்னால் வாசற்படி தரையில் உரசும் சத்தம் கேட்டது.

ஹாலில் பதினோரு பேர் இருந்தார்கள். போனில் பேசியவர் ரிட்டயர்டு கண்டக்டர் வேலுச்சாமி. அவருக்குத் தள்ளாடியது ஒரு வேப்பமரம். ஒன்பது வருஷமாக அது ஒரே இடத்தில் நிற்பதாகச் சொன்னார். ஒரு தையல்காரர் தன் தையல் மெஷினைத் தட்டிக்கொடுத்தபடி உட்கார்ந்திருந்தார். எல்லாருக்கும் டீயும் உப்பு பிஸ்கட்டும் வந்தன.

ஞானதிரவியம் எழுந்தார். "என் பேர் ஞானதிரவியம். நான் ஒரு குடிநோயாளி." அதற்கு மேல் வரவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்கு நாக்குக் குழறியது.

"போதும் சார், உக்காருங்க. வீட்டுல இருந்து யாராவது பேசுறீங்களா?" என்றார் வேலுச்சாமி.

வீடு தன் ஜன்னலை ஹால் ஜன்னலோடு ஒட்டி வைத்தது. "பதினாறு வருஷமா நான் சட்டி நெறையக் குழம்பு வெச்சதில்ல" என்றார் ஜெபக்கனி. அவ்வளவுதான் சொன்னார். தையல் மெஷின் தானாக இரண்டு தையல் ஓடி நின்றது. ஞானதிரவியம் டீ டம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு ஒரு நாள் மட்டும் குடிக்காதீங்க" என்று வேலுச்சாமி சொல்லி அனுப்பினார். மறுநாளும் அதையே போனில் சொன்னார்.

பத்தொன்பதாம் நாள் ஆபீசில் ஒரு வாக்குவாதம். கால் தானாக ஒயின்ஷாப் வாசலுக்கு வந்துவிட்டது. அப்போது ஷெர்லின் போன் செய்தாள்.

"அப்பா, வீடு ஒரு காலைத் தூக்கிட்டு நிக்குது."

"எந்தப் பக்கம் போகப் பாக்குது?"

"எங்கயும் போகல. உங்களுக்காகக் காத்துட்டு நிக்குது."

ஞானதிரவியம் பத்து நிமிஷம் அப்படியே நின்றார். பிறகு எதிர்க்கடையில் ஒரு எலுமிச்சை சோடாவைக் குடித்துவிட்டு நடந்தார். அவர் தெருமுனைக்கு வந்தபோது வீடு காலை மெதுவாகக் கீழே வைத்தது.

ஷெர்லின் கணக்கில் எழுபத்தொன்று வாங்கினாள். ஜெபக்கனி கயிறுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். கடைசியாக அவிழ்த்தது குழம்புச் சட்டியை.

தொண்ணூறாவது நாள் கூட்டத்தில் ஞானதிரவியத்துக்கு ஒரு பதக்கம் கொடுத்தார்கள். கைதட்டல் ஓய்வதற்குள் வெளியே மணிச்சத்தம் கேட்டது. மாதா கோயில் வாசலில் பனையூரணி ரயில் நிலையம் இடப்பக்கமாகச் சாய்ந்து நின்றது. அதன் பக்கத்தில் ஸ்டேஷன் மாஸ்டர், தொப்பியைக் கையில் பிடித்தபடி, மிக நேராக நின்றார்.

"முதல் தடவையா சார்?" என்று ஞானதிரவியம் கேட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

ஜெபக்கனி பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தவர்களை எண்ணிக்கொண்டு டீ போடப் போனார். ஆறு ஐம்பது பாசஞ்சர் அன்று மாதா கோயில் வாசலுக்கு வந்து நின்றது. இறங்க வேண்டியவர்கள் இறங்கினார்கள். ஏற வேண்டியவர்கள் டீயைக் குடித்துவிட்டு ஏறினார்கள்.