மூட்டை ஏறிய குதிரை

மனிதன் குதிரையின் முதுகில் ஏறி அமர்ந்த நாளில்தான் மண்ணை விட்டு உயர்ந்தான். அன்றுதான் பேரரசுகள் பிறந்தன, வீரம் பிறந்தது, தன்னம்பிக்கை என்ற சொல்லுக்கே பொருள் பிறந்தது.

குதிரையேற்றச் சங்கத்தின் தலைவர் இதைக் குதிரைமேல் இருந்தபடிதான் சொல்லுவார். அவர் சொல்லி முடிக்கும்வரை கடிவாளத்தை யாராவது கீழே நின்று பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

தலைவருக்குத் தொழில் குளியலறை ஓடு விற்பது. குடும்பத்தில் அவருக்குத் தளபதி என்று பெயர், வைத்தவரும் அவரே. எந்தப் படையிலும் அவர் இருந்ததில்லை. முழங்கால் உயர பூட்ஸ் போட்டுக்கொண்டுதான் கடைக்குப் போவார். ஓடு வாங்க வந்தவர்கள் அந்த பூட்ஸைப் பார்த்துவிட்டு, "இந்த ஓட்டுல தண்ணி ரொம்பத் தேங்குமா சார்?" என்று கவலையோடு கேட்பார்கள்.

அவரைக் கவிழ்க்க வேண்டும் என்று நினைத்தவள் அவருடைய மனைவியின் தங்கை. மருந்துக்கடை நடத்துபவள். எந்த மாத்திரை எந்த அலமாரியில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவள். கவுண்டரை விட்டு வெளியே வந்தால் மட்டும் கையும் காலும் வேறு யாருடையதோ போல ஆகிவிடும். நீச்சல் கற்கப் போய் முதல் நாளே திரும்பினாள். கார் ஓட்டப் போய் சொந்த வீட்டுக் கேட்டை இடித்துவிட்டுச் சாவியைப் புருஷனிடம் கொடுத்துவிட்டாள்.

"நாள் முழுக்க கவுண்டருக்குப் பின்னால நின்னு நீயும் ஒரு அலமாரி ஆயிட்டடி. வந்து ஏறித்தான் பாரேன்" என்று அக்காதான் இழுத்துக்கொண்டு போனாள். சங்கத்திலேயே சாதுவான குதிரையைக் கொடுத்தார்கள். ஆண்டு விழாவில் தலைவர் ஏறிப் பேசுவதும் அதன்மேல்தான். பழுப்பு நிறப் பெண் குதிரை. பதிவேட்டில் தலைவர் அதற்கு வைத்த பெயர் வெற்றிப் பேரொளி. லாயத்தில் எல்லோரும் கூப்பிடுவது பஞ்சு.

பஞ்சு அவளைச் சுமந்துகொண்டு மைதானத்தில் பாதிச் சுற்று நடந்தது. பிறகு என்ன நினைத்ததோ, நேராகக் கேட்டுக்குப் போய், கம்பியின்மேல் தாடையை வைத்துக்கொண்டு நின்றுவிட்டது. அவள் 'ச்சு ச்சு' என்றாள். பஞ்சு பெருமூச்சு விட்டது. அந்தப் பெருமூச்சில் சேணம் முழுக்க ஒருமுறை ஏறி இறங்கியது. அவள் இரண்டு கையாலும் பிடரியைப் பிடித்துக்கொண்டாள்.

"இறக்கி விடுங்க! யாராவது இறக்கி விடுங்க!"

தளபதி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "இந்தக் குதிரை எத்தனையோ தீவன மூட்டை சுமந்திருக்கு. ஆனா எந்த மூட்டையும் இதுவரைக்கும் அழுததில்லையே!"

சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போயிருந்தால் அவளும் மறந்திருப்பாள். தளபதி அதை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். குடும்பத்தில் நாலு பேர் கூடினால் போதும், சோபாவின் கைப்பிடிமேல் ஒரு தலையணையைக் குப்புறப் போட்டு, "இறக்கி விடுங்க" என்று கீச்சுக் குரலில் கத்திக் காட்டுவார். அக்கா பிள்ளைகளுக்கு அவள் மூட்டைச் சித்தி ஆனாள். ஒருநாள் பார்சல் கொண்டுவந்தவன், "மூட்டை அக்கா மெடிக்கல்ஸ் இதுதானே?" என்று வாசலில் நின்று கேட்டான்.

கேலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவர் சொல்வது சரிதானோ என்று அவளுக்கே தோன்ற ஆரம்பித்ததுதான் தாங்க முடியவில்லை. நீச்சல் குளத்தில், காரில், எங்கே போனாலும் அவள் சொன்னது அந்த ஒரே வார்த்தைதானே?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டிலேயே, அவள் சோபாவிலேயே, அவள் தலையணையை வைத்தே தளபதி அந்த நாடகத்தைப் போட்டார். அவளும் சிரித்தாள். எல்லோரும் போன பிறகு தலையணை உறையைக் கழற்றி வாளியில் அமுக்கி, அது ஏதோ அவருடைய தலை என்பதுபோல, குமிழி அடங்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கதையை இந்தக் குடும்பத்தின் வாயிலிருந்து பிடுங்க வேண்டும். பிடுங்கிய இடத்தில் அவரைப் பற்றிய கதை ஒன்றை நட வேண்டும். வேறெதுவும் அவளுக்கு வேண்டாம்.

தளபதி ஓட்டுக் கடையில் இருக்கும் நேரமாகப் பார்த்து, காலை வகுப்பில் சேர்ந்தாள். சொல்லிக்கொடுத்தவள் அவளைவிட ரொம்பச் சின்னவள். எந்நேரமும் கடலையோ பட்டாணியோ மென்றுகொண்டே பேசுகிற பயிற்சியாளர். மூன்று போட்டிகளில் பரிசு வாங்கியவள். தளபதி விருந்தினர்களிடம் அவளை "நம்ம ஹெல்ப்பர்" என்றுதான் அறிமுகம் செய்வார்.

காலை வகுப்பிலும் அதே கூத்துதான். பாதிச் சுற்று, கேட், தாடை, பெருமூச்சு. அவள் இறங்கிவிடுவாள். வாரக்கணக்கில் இப்படியே போனது.

"விட்டுரலாம்மா. எனக்கு வராது. நான் மூட்டைதான்."

பயிற்சியாளர் மென்று விழுங்கிவிட்டுச் சொன்னாள்: "அக்கா, உங்களுக்கு ஒண்ணு தெரியுமா? இந்த மைதானத்துலயே இவ்வளவு சுத்தமா ஒரு குதிரைக்குப் பாடம் சொல்லிக்குடுத்தது நீங்க ஒருத்தர்தான்."

"கிண்டல் பண்ணாத."

"சத்தியமா. கடிவாளத்த இழுக்கும்போது குதிரை எதையும் கத்துக்காது. விடுறோம் பாருங்க, அப்பத்தான் கத்துக்கும். நீங்க என்ன பண்ணீங்க? கேட்டுல போய் நின்னவுடனே இறங்கிட்டீங்க. முதுகு லேசாயிடுச்சு. அதுக்கு அத விடப் பரிசு வேற என்ன? ஒரு நாள் தப்பாம அதே பாடம். பஞ்சு உங்ககிட்ட முதல் மார்க் வாங்கியிருக்கு."

அவள் பஞ்சுவைப் பார்த்தாள். பஞ்சு, முதல் மார்க் வாங்கிய முகத்தோடுதான் நின்றது.

தெரியாமலேயே ஒன்றைச் சொல்லிக்கொடுக்க முடிந்தது என்றால், தெரிந்து சொல்லிக்கொடுத்தால் என்னவெல்லாம் செய்யலாம்? அந்த நினைப்பு வந்ததும் அவள் முதுகு தானாக நிமிர்ந்தது. நல்ல எண்ணத்தில் நிமிர்ந்தது என்று சொல்ல முடியாது.

"இப்ப என்ன பண்ணணும்?"

"கேட்டுல நின்னா இறங்காதீங்க. அங்கேயே சின்னச் சின்ன வட்டமாச் சுத்த விடுங்க, வேல வாங்குங்க. அந்தக் கோடிக்குப் போனா மட்டும் ஓய்வு குடுங்க. கேட்டுன்னா வேலை, கோடின்னா சுகம். அவ்வளவுதான்."

சொல்லும்போது அவ்வளவுதான். பஞ்சு கேட்டில் நின்று தலையை உதறியபோது, பின்னங்காலைத் தரையில் ஓங்கி மிதித்தபோது, அவளுடைய ஒரு கால் இறங்குவதற்குத் தானாகத் தூக்கிக்கொண்டது. பயம் இறங்கு இறங்கு என்றது. கண்ணெதிரே அந்தத் தலையணை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு குதிரையைத் திருப்பினாள். மறுபடி திருப்பினாள். வட்டம் போட்டுப் போட்டுப் பஞ்சுவுக்கே சலித்துப்போய், ஒரு காதை அவள் பக்கம் திருப்பி, எங்கேதான் போகவேண்டும் என்று கேட்பதுபோல நின்றது. கோடிக்குப் போனார்கள். அங்கே கடிவாளத்தைத் தளர்த்தி, கழுத்தைச் சொறிந்துகொடுத்தாள். அவளுடைய கை அப்போது அவளுடைய கையாகவே இருந்தது.

சீக்கிரமே துள்ளு நடை வந்தது, பிறகு ஓட்டம் வந்தது. இரண்டு தடவை கீழே விழுந்தாள். விழுந்த இடத்தில் உட்கார்ந்து தளபதியை நினைத்துக்கொண்டு, அதே வேகத்தில் மீண்டும் ஏறினாள். சிலரைச் சாமி காப்பாற்றும். அவளைக் காப்பாற்றியது வன்மம்.

ஆனால் நன்றாகச் சவாரி செய்துகாட்டினால் போதுமா? "பரவால்லையே, மூட்டை தேறிடுச்சே" என்று தட்டிக்கொடுத்து, அந்தப் பெருமையையும் அவரே எடுத்துக்கொள்வார். வேறு ஏதாவது வேண்டும். அது ஒருநாள் தானாகக் காதில் விழுந்தது. அவள் லாயத்துக்குள் இருந்தபோது வழக்கமில்லாமல் மைதானத்துக்கு வந்த தளபதி, யாரிடமோ பேச வாயெடுக்கும் முன் செருமினார். முதலில் குட்டையாக ஒன்று, பிறகு நீளமாக ஒன்று: "ஹ்ம். ஹ்ஹ்ஹும்ம்." அந்தச் செருமல் இல்லாமல் அவர் டீகூடக் கேட்டதில்லை.

மறுநாளிலிருந்து அவள் பஞ்சுமேல் உட்கார்ந்து செரும ஆரம்பித்தாள். செருமுவாள், கடிவாளத்தை லேசாகப் பிடிப்பாள். பஞ்சு ஓர் அடி பின்னால் வைத்தால் உடனே விட்டு, ஒரு துண்டு கேரட். கொஞ்ச நாளில் கடிவாளம் தேவைப்படவில்லை. செருமினால் பஞ்சு பின்னால் நடக்கும், செருமச் செருமப் போய்க்கொண்டே இருக்கும்.

குரல் அச்சு அசலாக வரவேண்டுமே என்று கடையிலும் வீட்டிலும் செருமிப் பழகினாள். "ஊருக்கெல்லாம் இருமல் மருந்து விக்கிற, நீ ஒரு மூடி குடிச்சா ஆகாதா?" என்றான் புருஷன்.

பயிற்சியாளர் ஒரு வாரம் பார்த்தாள். "தொண்டை சரியில்லையாக்கா?" என்று கேட்டாள். பதிலுக்கு அவள் இன்னொரு தடவை செருமினாள், தளபதியின் சுருதியிலேயே. பஞ்சு பின்னால் நகர்ந்தது. பயிற்சியாளரின் தாடை அசைவதை நிறுத்தியது. மறுநாள் ஒரு பை நிறையக் கேரட் வாங்கிக்கொண்டு வந்தாள்.

பயிற்சியாளர் செய்த உதவி அதோடு நிற்கவில்லை. ஆண்டு விழாவுக்கு முன்னால் தளபதியிடம் போய், "சார், போன வருஷப் படத்துல உங்களவிடக் கடிவாளம் பிடிச்சிருந்தவர்தான் எடுப்பா விழுந்திருக்காரு" என்றாள். தளபதி யோசித்தார். "இந்த வருஷம் கீழ யாரும் பிடிக்க வேண்டாம்" என்றார்.

விழா நாளன்று மைதானத்தில் பந்தல், நாற்காலி வரிசை, நடுவில் ஒலிபெருக்கி. சிறப்பு விருந்தினர் பெரிய அதிகாரி. குதிரையைப் பார்த்தால் தும்முகிறவர். முன்வரிசையில் அக்காவும் குடும்பம் முழுவதும். தலையில் இறகு வைத்த தொப்பியோடு தளபதி பஞ்சுமேல் ஏறி ஒலிபெருக்கியின் முன் வந்து நின்றார். பந்தல் ஓரத்தில் நின்றவளைப் பார்த்துவிட்டார்.

"என்ன மூட்டை, ஏறிப் பாக்குறியா?" ஒலிபெருக்கியிலேயே கேட்டார். மைதானமே சிரித்தது.

பிறகு செருமினார். பஞ்சு அசையவில்லை.

பந்தல் ஓரத்திலிருந்து அவள் ஓரடி முன்னால் வந்தாள். ஒருவேளை அவள் குரலுக்கு மட்டும்தான் பழகியிருக்கிறதோ? இத்தனை நாள் பட்ட பாடு, விழுந்த அடி, எல்லாம் வீணா? நான் மூட்டைதான், என்று உள்ளே பழைய குரல் தொடங்கியது. அப்போது பஞ்சுவின் ஒரு காது பின்னால் திரும்பியது. அது கேட்டுவிட்டது, சரியாகக் கேட்டோமா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தது.

தளபதி இரண்டாவது தடவை, ஆற அமர, நீளமாகச் செருமினார்.

பஞ்சு ஓர் அடி பின்னால் வைத்தது.

"மனிதன் குதிரையின் முதுகில்..." ஒலிபெருக்கிக்கும் வாய்க்கும் இடையே ஒரு கை தூரம் விழுந்தது. சங்கடத்தை மறைக்க ஒரு செருமல். இன்னும் இரண்டடி. கோபத்தில் கடிவாளத்தை இழுத்தார், இழுத்தாலும் பின்னால்தானே? பஞ்சு இரட்டை மகிழ்ச்சியோடு வேகம் எடுத்தது. "...அமர்ந்த நாளில்... ஹ்ம்... மண்ணை விட்டு... ஹ்ஹும்ம்..." பந்தலின் முதல் காலைத் தாண்டி, கடைசிக் காலைத் தாண்டி, பேரரசுகள் பிறக்கும் இடம் வருவதற்குள் அவர் பந்தலுக்கே வெளியே இருந்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

இதுவும் நிகழ்ச்சியில் ஒன்று என்று நினைத்த சிறப்பு விருந்தினர் எழுந்து கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள். தளபதியின் முகம் பூத்துவிட்டது. அவர் கடிவாளத்தை விட்டு, தொப்பியைக் கழற்றி, தலைகுனிந்து வணங்கிய நேரத்தில் பஞ்சுவின் பின்பக்கம் லாயத்துச் சாணக் குவியலில் முட்டி நின்றது. தளபதி நிற்கவில்லை. வால் வழியாகச் சறுக்கி, குவியலின் உச்சியில் போய் உட்கார்ந்தார். பூட்ஸ் இரண்டும் வானத்தைப் பார்த்தன.

"இறக்கி விடுங்க!" என்று கத்தினார். கீச்சுக் குரல்தான். அவர் அத்தனை நாள் நடித்துக்காட்டியது கிட்டத்தட்டச் சரியாகவே இருந்திருக்கிறது.

அவள் நிதானமாக நடந்து போனாள். பஞ்சுவின் கழுத்தைத் தட்டிவிட்டு, அங்கவடியில் கால் வைத்து ஒரே எழும்பலில் ஏறினாள். மேலிருந்து அவரைப் பார்த்தாள்.

"அத்தான், மூட்டைகூட முன்பக்கமாத்தான் போகும்."

குதிரையைத் துள்ளு நடையில் விட்டுப் பந்தலுக்குள் வந்தாள். அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். "அடிப்பாவி, எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருந்தா கேமரா கொண்டாந்திருப்பேனேடி!"

அந்த வாரமே சோபாவின்மேல் தலையணை ஏறியது. இந்த முறை அது பின்பக்கமாகப் போய் விழுந்தது. நடித்துக்காட்டியவர்கள் அக்கா பிள்ளைகள். சாணத்துக்குப் போர்வையைக் குவித்து வைத்திருந்தார்கள். மூட்டைச் சித்தி மறுபடி சித்தி ஆனாள். தளபதி இப்போதெல்லாம் கடைக்குச் செருப்புப் போட்டுக்கொண்டு போகிறார். பஞ்சுவை உடனே விற்றுவிட வேண்டும் என்று சங்கத்தில் கத்தினார், அவளே வாங்கிக்கொண்டாள்.

ஆனால் மாதக்கணக்கில் செருமிச் செருமி, அந்தச் செருமல் அவள் தொண்டையிலேயே தங்கிவிட்டது. முதலில் குட்டையாக ஒன்று, பிறகு நீளமாக ஒன்று. கடையில் இருக்கிற எல்லா மருந்தும் குடித்துப் பார்த்துவிட்டாள். தினமும் காலையில் பஞ்சுமேல் ஏறிக் கிளம்புகிறாள், பின்பக்கமாகத்தான் திரும்பி வருகிறாள்.