கூரை தொடாத சுவர்

1

“வாயத் தொறந்து சொல்லு தெரேசா. ஒதட்ட மட்டும் அசைச்சா அது ஜெபமா?”

“மாதாவுக்குக் கேக்கும்.”

“எனக்குக் கேக்கலியே. முதல் பாதிய நீ சொன்னாத்தானே மறு பாதிய நான் சொல்ல முடியும்?”

“செவுத்துக்குக் கேக்காம இருந்தா போதுங்க.”

இப்படித் தொடங்கியிருக்கக் கூடாது. இவர்கள் யாரென்று முதலில் சொல்லியிருக்க வேண்டும். இலங்கை மலையகத்தில் வட்டகொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம், தொண்ணூற்றேழாம் வருடம். தெரேசா கொழுந்து பறிப்பவள். அவள் கணவர் யேசுரட்ணத்துக்குத் தேயிலை ஆலையில் வேலை. ஒரே மகன் ஜூட்சன்.

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு சுவரிலிருந்து. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே நிற்கும் சுவர் கூரை வரை போவதில்லை. மேலே உள்ள இடைவெளியில் புகை போகும், கருவாட்டு வாசனை போகும், புருஷன் பெண்டாட்டி சண்டை போகும். ஜெபமும் போகும். நான் படிக்கிற மொழிபெயர்ப்பு நாவல்களில் மனிதர்கள் கதவைச் சாத்திவிட்டு மண்டியிடுகிறார்கள். கடவுளைத் தவிர வேறு யாருக்கும் கேட்பதில்லை. அப்படியொரு காட்சியை இந்த லயத்தில் வைத்து எழுதிப் பார்த்தேன். நிற்கவில்லை.

2

வேலை முடிந்து, முகம் கழுவி, விளக்கேற்றியதும் ஜெபமாலை. காய்ச்சலிலும் அது நின்றதில்லை. ஜெபமாலையின் மணிகள் பத்துப் பத்தாக இருக்கும்; ஒவ்வொரு பத்துக்கும் முன்னால், அது யாருக்காக என்று உரக்கச் சொல்லி ஒப்புக்கொடுப்பது அந்த வீட்டு வழக்கம். முதல் பத்து இறந்தவர்களுக்கு. அடுத்தது தோட்டத்து நோயாளிகளுக்கு. மூன்றாவது ஜூட்சனுக்கு.

அவன் கொழும்பில் ஒரு கடையில் நின்றவன். பொலிஸ் சுற்றிவளைப்பில் தமிழ்ப் பையன்களை அள்ளுகிறார்கள், தன்னிடம் அடையாள அட்டையும் இல்லை என்று பயந்து ஓடிவந்தான். லயத்தில் வைத்திருக்க அஞ்சி வேறிடத்தில் ஒளித்துவைத்தார்கள். ஒரு மாலை தெரேசா வழக்கமான குரலில் சொன்னாள்: “டயகமயில அத்தை வீட்டுல இருக்கிற எங்க ஜூட்சனுக்காக இந்தப் பத்து மணிய ஒப்புக்கொடுக்கிறோம்.”

(ஆண்டவரிடம் பிள்ளையை ஒப்படைக்கிற தாய் விலாசத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறாள். அவர் தேடி அலையக் கூடாதல்லவா.)

அந்த வாரமே டயகமவுக்குப் பொலிஸ் ஜீப் போனது. கொண்டுபோனவர்கள் எந்த முகாமுக்கு என்று சொல்லவில்லை. அதன் பிறகு அவனை

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தெரியவில்லை. அப்படியே கிடக்கட்டும்.)

3

சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சியம்மா. அவளுடைய தம்பி வேலை செய்யும் சாப்பாட்டுக் கடையில்தான் பொலிஸ்காரர்கள் சோறு வாங்குவார்கள். சந்தேகப்படத் தெரேசாவுக்கு இது போதுமாக இருந்தது.

பேச்சியம்மா ஓரக்கண்ணால் பார்த்துச் சிரிக்கும்

இல்லை, அடித்துவிட்டேன். அவள் அப்படிப்பட்டவளாக இருந்தால் எனக்கு வேலை லேசு. ஜூட்சனைக் கொண்டுபோன அன்று சோறும் பருப்பும் கொண்டுவந்து கொடுத்தவள் அவள். தெரேசா அதை நாய்க்கு வைத்தாள்.

தெரேசாவின் ஜெபம் உதட்டளவில் ஒடுங்கிய பிறகு ஒருநாள், லயத்தார் தண்ணீர் பிடிக்கும் பீலியில் இருவரும் சந்தித்தார்கள்.

“என்ன தெரேசாக்கா, ஒங்க மாதாவுக்கு லீவா? ஒங்க ஜெபத்த வச்சுத்தான் நான் சோறு வடிப்பேன். இப்ப தெனமும் சோறு கொழைஞ்சு போகுது.”

“எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தியா?”

“காது இருக்கேக்கா. அதுக்குக் கதவா போட முடியும்?”

தெரேசா பாதிக் குடத்தோடு வந்துவிட்டாள்.

சொன்னது பேச்சியம்மாவா? எனக்குத் தெரியாது. லயத்தில் பத்து வீடு. பத்துக்கும் ஒரே கூரை.

4

முடிவுகள் இரண்டு எழுதினேன்.

ஒன்றில், ஜூட்சன் காலை ரயிலில் வந்து இறங்குகிறான். அழகாகத்தான் இருக்கிறது. நான் நம்பவில்லை.

இன்னொன்றில், தெரேசா மனசுக்குள்ளேயே ஜெபிக்கப் பழகிக்கொள்கிறாள். ஆனால் மூன்றாம் பத்துக்கு வந்ததும் ‘எங்கே இருக்கிற ஜூட்சனுக்காக’ என்று சொல்லத் தெரியாமல் நின்றுவிடுகிறாள். தினமும் அங்கேயே நிற்கிறாள். விரல் மணியில் இருக்கிறது, நகரவில்லை.

இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக நடந்ததை மட்டும் சொல்கிறேன். அதற்குத் தெரேசா சொன்ன பதில் என்னிடம் இல்லை.

வெளியே மழை. யேசுரட்ணம் மறுபடியும் கெஞ்சியதில், தெரேசா நெடுநாளைக்குப் பிறகு வாய் திறந்து ஜெபத்தைத் தொடங்கினாள். முதல் பத்து முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. மூன்றாவதுக்கு முன்னால் பேச்சு நின்றது. யேசுரட்ணம் தலை குனிந்து காத்திருந்தார்.

சுவருக்கு மேலிருந்து பேச்சியம்மாவின் குரல் வந்தது.

“தெரேசாக்கா, எங்க பூரணிக்கு ரெண்டு நாளா வலி. புள்ள தலை திரும்பலயாம். காலையில பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாங்க. என்னைய உள்ள விடல. இந்தப் பத்த எம் மகளுக்குன்னு, அவ பேரச் சொல்லி, கொஞ்சம் சத்தமா சொல்வீங்களா?”