பதினேழாவது வாரத்துச் சிவப்புக் கோடு

...அதெப்படி, தொடர்கதையில மத்த வாரத்துக்கெல்லாம் ஒத்தைக் கோடு, பதினேழாவது வாரத்துக்கு மட்டும் ரெண்டு கோடு, அதுவும் தாளு அந்தப் பக்கம் புடைக்கிற மாதிரி அழுத்தி... செல்லக்கிளி மடியில் கிடந்த மொச்சைக் காயை முறத்துக்குத் தள்ளிவிட்டு, புத்தகத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தாள். சிவப்புப் பென்சில்தான், சந்தேகமே இல்லை, ஒரு முனை சிவப்பு ஒரு முனை நீலம், வாத்தியார்மார் சட்டைப் பையில் சொருகியிருப்பார்களே, அதே பென்சில், இவரு பையிலும் ஒண்ணு இருக்கு. இந்தா கூடத்தில் பாய் விரித்து, துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குகிறாரே, இந்த மனுசன் பையில. 'அவள் போன பிறகும், அவள் நின்ற இடத்தில் சேகர் கால் வைக்கவில்லை, சுற்றிக்கொண்டு போனான்.' இதுக்குக் கீழேதான் அந்த ரெண்டு கோடும். உதட்டை அசைத்து எழுத்துக் கூட்டி மறுபடியும் படித்தாள், நாலாவது தடவை. ஒவ்வொரு தடவையும் அந்த இடம் நெஞ்சில் ஏதோ செய்கிறது, இனிக்கிறது, இனிக்கிறதோடு சேர்ந்தே எரிகிறது. சுத்திக்கிட்டுப் போனானாம். ஒரு பொம்பளை நின்ன இடத்துக்கு அம்புட்டு மரியாதை. இவரு என்னடான்னா அவள் கோலம் போட்டு எழுந்திரிப்பதற்குள் அதை மிதித்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளுகிற ஆள், அப்ப இந்தக் கோட்டுக்கு என்ன அர்த்தம், எவ நின்ன இடத்தைச் சுத்திப் போறாரு இவரு?

அரைப் பரீட்சை லீவு விட்டு நாலாவது நாள் அது. கிறிஸ்துமஸ் போய் ரெண்டு நாள் ஆகியும் தெருக்கோடி வீட்டு வாசலில் நட்சத்திரம் கழற்றாமல் தொங்கிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்து வாத்தியார்மார் எல்லாரும் சேர்ந்து ஒரு வாரப் பத்திரிகை வாங்குவார்கள், வருசம் முழுக்க அது ஸ்கூலை விட்டு வெளியே வராது. வருசக் கடைசியில் அதில் வந்த தொடர்கதையை மட்டும் வாரம் வாரமாய்க் கிழித்தெடுத்து, பேகம்பூரில் பைண்டு பண்ணக் கொடுத்து, அரைப் பரீட்சை நடக்கும்போதே வீடு வீடாய்ச் சுற்ற விடுவார்கள். வீட்டுக்கு மூணு நாள். அட்டையில் ஒரு சீட்டு ஒட்டி, யாருக்கப்புறம் யார் என்று வரிசையாய்ப் பேர் எழுதியிருக்கும். தலைமை ஆசிரியர், அவருக்குக் கீழே சடையாண்டி, அதுக்குக் கீழே... அந்தப் பேரை அவள் மனசுக்குள்கூடச் சொல்வதில்லை, கண்ணால் தாண்டிவிடுவாள். ஆனால் அதுக்குக் கீழே இருக்கிற பேரைத் தாண்ட முடியவில்லையே. ரோசலின். கல்யாணப் பத்திரிகையில் போடுகிற மாதிரி ஒண்ணுக்குக் கீழ் ஒண்ணாய், இவரு பேரு, அடுத்து அவ பேரு. இங்கிருந்து புத்தகம் அங்கேதான் போகும். அடுத்துப் படிக்கப்போறவளுக்காகத்தான் கோடு. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பா வேணும், வடமதுரையில் அஞ்சாங் கிளாஸ் வரைக்கும் படிச்சது போதாதா?

தலைமை ஆசிரியர் கோடு போட்டிருக்கலாமே என்று முந்தாநாள் ஒரு யோசனை வந்தது, சீ, அவரு பேரன் பேத்தி எடுத்தவரு, கதைன்னாலே மூஞ்சியச் சுளிப்பாரு. சடையாண்டி சாரு? நினைத்ததும் சிரிப்புத்தான் வந்தது. கணக்கு வாத்தியாரு, பல்செட்டு, மூக்குப் பொடி, பிரம்பு. கதையில வர்ற வத்ஸலா ரயிலடியில் நின்னா அவருக்கென்ன, ரயிலு எத்தனை மைல் வேகத்துல போச்சுன்னு கேட்பாரு. ஆக, மிச்சம் யாரு? இவருதான். இவரேதான்.

ஆனாலும் கதையைக் குறை சொல்ல முடியாது. அதுதான் கொடுமை. கோட்டைத் தேடித்தான் முதலில் புரட்டினாள். புரட்டினவளை வத்ஸலா கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள். முந்தாநாள் பால் பொங்கி அடுப்பை அணைத்தது, நேத்து வெஞ்சனத்துக்கு உப்புப் போட மறந்தது, எல்லாம் வத்ஸலாவால்தான். அவள் மெட்ராஸில் ஆபீஸ் வேலை பார்க்கிறாள், குடை பிடித்துக்கொண்டு தனியாய் பஸ்ஸுக்கு நிற்கிறாள், சேகர் எதிர்த்த நடைபாதையில் நின்று பார்க்கிறான், பேச மாட்டேன் என்கிறான், ஒன்பது வாரமாய் ஒரு வார்த்தை பேசவில்லை பாவி, செல்லக்கிளி தாளைப் பார்த்தே கெஞ்சுகிறாள், பேசேன்டா, ஏ அப்பு, பேசித்தான் தொலையேன்... பேசாதவன் மனசுக்குள் இம்புட்டு இருக்குமா? இவரும் பேசாத ஆள்தானே. ஒன்பது வருசம், சாப்பாடு ஆச்சா, தண்ணி வந்துச்சா, பாப்பாவுக்கு நோட்டு வாங்கணும், இதுக்கு மேல் என்ன பேசியிருக்காரு. பேசாத ஆளுக்குள்ளே ஒரு சேகர் உட்கார்ந்திருக்கான் போல, எனக்குத் தெரியாமப் போச்சு, அவளுக்குத் தெரிஞ்சிருக்கு.

ரோசலின் டீச்சரும் குடை பிடிப்பாள். கைக்கடிகாரம் கட்டுவாள். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பார்த்தாளே, கொட்டகை ஓரத்தில் அவள் ஏதோ சொல்ல, இவரு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாரு, தோளெல்லாம் குலுங்கக் குலுங்க. அந்தச் சிரிப்பை அவள் வீட்டில் பார்த்ததே இல்லை. ராத்திரி சோறு போடும்போது, "என்னங்க அப்படி ஒரு சிரிப்பு?" என்று கேட்டதற்கு, "அது ஸ்கூல் விசயம், உனக்குப் புரியாது" என்றாரே. புரியாதாம். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவளுக்கு எதுதான் புரியும். ஆனா சிவப்புக் கோடா நீலக் கோடான்னு கண்ணுக்குத் தெரியும்ல?

இந்த ரெண்டு நாளாய் அவளுக்கே அவள் புதுசாய் இருந்தாள். பெட்டியிலிருந்து சின்னாளபட்டிச் சுங்குடியை எடுத்துக் கட்டினாள், கனகாம்பரம் வைத்தாள். பரிமாறும்போது பக்கத்தில் நின்று அந்த முகத்தையே பார்த்தாள், இந்த மூக்கு, இந்த நெத்தித் தழும்பு, இதுக்குள்ளேயா அந்த வரியெல்லாம் ஊறிக் கிடக்கு என்று. ரசத்தை உறிஞ்சிவிட்டு நிமிர்ந்தாரு. "என்ன பாக்குற, எங்கயும் கிளம்புறியா?" இல்லை என்றாள். "பின்ன எதுக்கு நல்ல சேலை, மொச்சைக் கறை பட்டாப் போகாது." கேட்டீங்களா அந்தப் பேச்சை. ஆனால் அதில்கூட அவளுக்கு என்னவோ ஒளிந்திருக்கிற மாதிரி பட்டது, சேகரும் இப்படித்தானே, நினைக்கிறது ஒண்ணு, வாயில் வருகிறது ஒண்ணு. ராத்திரி அவர் புரண்டு படுத்தபோது, யாரை நினைச்சுப் புரளுறாரு என்று விழித்துக் கிடந்தாள். வலித்தது. ஆனா கல்யாணமான நாளிலிருந்து இம்புட்டு நேரம் அந்த மனுசனை அவள் பார்த்ததில்லை.

நாளைக்குப் புத்தகம் போயாகணும். கோட்டோடு போனா, அது கடுதாசி. என் வீட்டுலருந்து, என் கையாலே, நானே கொண்டுபோய்க் கொடுக்கிற கடுதாசி. பாப்பாவின் சிலேட்டுப் பெட்டியைத் திறந்து ரப்பரை எடுத்தாள். பதினேழாவது வாரத்தில் வைத்து அழுத்தித் தேய்த்தாள். போகிற சிவப்பா அது, மெழுகு மாதிரி இழுபட்டு, அடிபட்ட கன்னம் போல எழுத்தெல்லாம் ரோசாப்பூ நிறமாச்சு. எச்சில் தொட்டுத் தேய்த்தாள், தாள் நைந்து நூலாய் எழும்பியது. இருக்கட்டும். அடுத்தது, இருபத்திரண்டாவது வாரம், 'கடைத்தெருவில் யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். திரும்பிப் பார்த்தான். வேறு யாரோ ஒருத்தி.' ஐயோ, இந்த இடம்... இதைத் தேய்க்கக் கை வரவில்லை, செத்த நேரம் வைத்துக்கொண்டே இருந்தாள், இம்புட்டு நல்ல இடத்தையா அவளுக்குக் கொடுக்கிறது, எனக்கில்லாம, தேய்...

"அக்கா... செல்லக்கிளியக்கா..."

நிலைப்படியில் ரோசலின் நின்றாள். குடையை மடக்கிச் சாத்திவிட்டு, கையில் துணி மூடின தூக்குச் சட்டி. செல்லக்கிளியின் கால் பட்டு முறத்திலிருந்த மொச்சைத் தொலி அம்புட்டும் சிதறியது. புத்தகத்தைச் சேலைக்குள் மறைப்பதா, எழுந்திரிப்பதா, எழுந்தாள். "வாங்க டீச்சர். இவரு தூங்குறாரு, எழுப்பவா?"

"ஐயோ, சாரை எதுக்குக்கா? ஒங்களப் பாக்கத்தான் வந்தேன். அம்மா அதிரசம் குடுத்துவிட்டாங்க. கேக்கு கேக்குன்னு எல்லாரும் கேக்குறாங்க, அதெல்லாம் தீந்து போச்சு." உட்காரச் சொல்வதற்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள், ஒரு மொச்சையை எடுத்து உரிக்கவும் ஆரம்பித்துவிட்டாள். "கதை முடிச்சிட்டீங்களாக்கா? நான் வருசம் பூரா வாராவாரம் படிச்சதுதான். எங்கம்மாவுக்கு வாசிச்சுக் காட்டணும், அதுக்குத்தான் வாங்கிறது. காட்டுங்க, எங்க நிக்கிறீங்க?" கை நீண்டது. கொடுக்காமல் இருக்க முடியவில்லை. புத்தகம் தானாகவே பதினேழாவது வாரத்தில் விரிந்துகொண்டது. ரோசலின் முகம் மாறியது. "அடடா, யாருக்கா இப்படித் தேய்ச்சது?"

"பாப்பா... சின்னப்புள்ள, ரப்பர வச்சுக்கிட்டு..."

"பாப்பா லீவு விட்டதுமே வடமதுரைக்குப் போயிருச்சுன்னு சார் சொன்னாரே?"

செல்லக்கிளி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். காது சுட்டது. இப்பக் கேப்பா, ஏன் அழிச்சீங்கன்னு கேப்பா, கேக்கட்டும், எம் புருசன் போட்ட கோடு, அழிக்கிறேன், ஒனக்கென்னடின்னு கேட்டுருவோம், நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதற்குள் ரோசலின் தாளைத் தடவிக்கொண்டே மெதுவாய்ச் சொன்னாள்.

"போச்சு போங்க. சடையாண்டி சாரு கேட்டா என்ன சொல்றது?"

"சடையாண்டி சாரா?"

"அவரு கோடுதானேக்கா இதெல்லாம்! பத்திரிகை வந்ததும் மொதல்ல அவருதான் எடுப்பாரு, பென்சிலோட. நாங்க ஒளிஞ்சு நின்னு சிரிப்போம். பல்செட்டக் கழட்டி வச்சுட்டு அழுவாருக்கா, நெசமா. ஆண்டு விழா அன்னைக்கு அத நடிச்சுக் காட்டி ஒங்க வீட்டு சார சிரிக்க வச்சேன், பாவம், இப்ப நெனச்சாக் கஷ்டமா இருக்கு. அப்புறம் ஒரு நாள் அவரே சொன்னாரு. சம்சாரம் தவறிப் பதினோரு வருசமாச்சாம். அந்தம்மாவுக்குப் படிக்கத் தெரியாதாம், நல்ல இடம் வந்தா இவருதான் வாசிச்சுக் காட்டுவாராம். இப்ப வாசிச்சுக் காட்ட ஆளில்ல, அதான் கோடு போட்டு வச்சிருக்கேன்னாரு."

"எங்க வீட்ல... இவரு படிக்கலயா?"

ரோசலின் கூடத்தைப் பார்த்து வாயைப் பொத்திச் சிரித்தாள். "சாரா? ஒரு பக்கம் புரட்டியிருப்பாரா! 'எங்க வீட்ல படிப்பாங்க, எம் பேரையும் எழுதுங்க'ன்னு கேட்டு வாங்கின ஆளுக்கா அவரு. நீங்க முடிச்சிட்டே குடுங்க, நாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்து வாங்கிக்கிறேன். அம்மா காத்திருப்பாங்க, வாரேன்."

போய்விட்டாள். இவ்வளவுதானா. சந்தோசப்படணும், ஏ செல்லக்கிளி, வாயெல்லாம் பல்லாச் சிரிக்கணும் நீ இப்ப, ஒண்ணுமே இல்ல, ஒருத்தியுமே இல்ல, அந்த மனுசன் ஒனக்காகத்தான் கேட்டு வாங்கியாந்திருக்காரு. அதுவும் ஒரு பிரியந்தானே, பிரியந்தான், யாரு இல்லேங்கிறா, குளிர்ந்த மோரு குடிச்ச மாதிரி உள்ளே இறங்குது, ஆனா அடிவயித்துல எரிஞ்சிக்கிட்டிருந்த இடத்துக்கு அது போய்ச் சேரலையே, ஏன்? கூடத்தை எட்டிப் பார்த்தாள். துண்டு நழுவி, வாய் பிளந்து, ஒரு ஈ உதட்டோரம் உட்கார்ந்து எழும்பியது. ரெண்டு நாளாய் அங்கே படுத்திருந்த ஆளைக் காணோம். கோடு போட்டு ஏங்கின ஆள், பொல்லாத ஆள், ராத்திரி பூரா அவளைத் தூங்கவிடாத ஆள், எழுந்து போய்விட்டான், சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. இருக்கிறது பழைய ஆள்தான். நல்ல ஆள். எழுந்ததும் காப்பி கேட்பாரு.

எல்லாம் தீர்ந்துபோன பிறகும் ஏன் இந்தக் கண் கரிக்குது? டீச்சர் மேல் இப்போ ஒரு கோபமும் இல்லை, அதிரசம்கூட நல்ல பதம். பின்னே யார் மேல்? படிக்கத் தெரியாத ஒரு பொம்பளை, பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டிருந்தவ, மண்ணுக்குள்ள போயிப் பதினோரு வருசம் ஆனவ. எப்படி இருந்திருப்பா, கறுப்பா, சிவப்பா, நல்ல இடம் வந்ததும் என்ன சொல்லியிருப்பா, ம்ம் கொட்டியிருப்பாளா, சும்மா இருந்திருப்பாளா... செல்லக்கிளி வாசலுக்கு ஓடினாள். குடை தெருக்கோடிக்குப் போய்விட்டிருந்தது. "டீச்சர்... டீச்சர்... அந்தம்மா பேரென்ன?"

ரோசலின் திரும்பி நின்றாள். "எந்தம்மாக்கா?"

எதிர்த்த வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். செல்லக்கிளி நிலையைப் பிடித்துக்கொண்டாள். பேரைத் தெரிஞ்சு என்ன பண்ணப்போறே, திட்டப்போறியா? செத்துப்போனவ மேலயா ஒருத்தி பொறாமைப்படுவா?

"ஒண்ணுமில்ல டீச்சர்," என்றாள். "பாத்துப் போங்க."