குவிமாடத்துக்குள் ஒரு குடை

"பூமியில மூடநம்பிக்கை நுழைய முடியாத கட்டடம் இது ஒண்ணுதான், மாமா. தப்பித் தவறி நுழைஞ்சாலும் கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ள நான் இருக்கேன்."

வானாய்வகத்தின் வழிகாட்டி இதைச் சிரிக்காமல் சொன்னான். கேட்டவர் அவன் மாமனார். "வானம்தான் எல்லாருக்கும் ஓசியில தெரியுதே, அதைக் காட்டறது ஒரு வேலையா?" என்று கல்யாணமான நாளிலிருந்து கேட்டுவருபவர். இன்று பிற்பகல் சூரிய கிரகணம். அதைக் காட்டிவிட்டால் அந்தக் கேள்வி ஒழியும். இல்லாவிட்டால் ஆயுள் முழுக்க அவன் சாப்பாட்டுத் தட்டின் எதிரில் வந்து உட்காரும்.

முதலில் பழைய பித்தளைத் தொலைநோக்கி.

"நிறுவனர் இதுலதான் வால்நட்சத்திரம் ஒண்ணு கண்டுபிடிச்சு, ஊரைக் கூட்டிப் பேரும் வெச்சார். அப்புறம் துடைச்சுப் பாத்தா, லென்ஸ்ல சிலந்தி."

"என்ன பேர் வெச்சார்?"

"தன் பேரைத்தான்."

அடுத்தது கணினி இயக்கும் ராட்சதக் கண்ணாடித் தொலைநோக்கி.

"இது பகல்ல தூங்கும், மாமா."

"அதுக்கும் சம்பளம் உண்டா?"

கடைசியாகக் குவிமாடத்துக்குள் இருந்த பெரிய லென்ஸ் தொலைநோக்கி. அதன் வழியே சூரியனை ஒரு வெள்ளை அட்டையில் விழவைத்துக் காட்டுவார்கள். குவிமாடத்தைக் கயிறு இழுத்துச் சுழற்றுவது அங்கே வேலை பார்க்கும் ஓர் அக்கா.

"சுவத்துல அந்தக் கொக்கி எதுக்கு?" என்றார் மாமனார்.

குடைக்கு. நிறுவனர் குடையை மறந்துவிட்டு வந்த அன்று மழை கொட்டி லென்ஸ் நனைந்ததாம். அதிலிருந்து முக்கியமான நாட்களில் கொக்கியில் குடை தொங்கும். அதன் பிடி கூரைத் திறப்பைப் பார்த்திருக்க வேண்டும். காலையில் அக்கா மாட்டிய குடையைச் சாமான் அறையில் போட்டுப் பூட்டியவன் வழிகாட்டிதான்.

"மேகத்துக்குக் கண்ணா இருக்கு, குடையைப் பாத்துட்டுத் திரும்பிப் போக?"

"நான் ஒண்ணும் சொல்லல தம்பி," என்றாள் அக்கா. "நீயாச்சு, மேகமாச்சு."

அட்டையில் சூரியன் வட்டமாக விழுந்தது. நிலவு அதன் ஓரத்தைக் கடிக்க வேண்டிய நேரத்தில், மேகம் வந்து மொத்தமாக விழுங்கியது.

மாமனார் குனிந்து பார்த்தார். "இதுதான் கிரகணமா? நல்லா வெள்ளையா இருக்கு."

"அது அட்டை, மாமா."

அக்கா அவன் பக்கம் திரும்பவே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"இதோ வந்துடறேன்," என்று வெளியே போனவன், இடது கால் மடங்காமல் திரும்பி வந்தான்.

"கால்ல என்ன மாப்பிள்ளை?"

"சுளுக்கு."

"போகும்போது நல்லாத்தானே இருந்தது?"

"இந்த வேலையில இதெல்லாம் சகஜம், மாமா. நீங்க அட்டையைப் பாருங்க."

மாமனார் அட்டையைப் பார்த்தார். வழிகாட்டி சுவரோரமாக நொண்டிப் போய், கால்சட்டைக்குள்ளிருந்து குடையை மெல்ல உருவிக் கொக்கியில் மாட்டினான். பிடி சுவரைப் பார்த்தது. திருப்பினான். இரண்டடி தள்ளி நின்று, கூரைத் திறப்பையும் பிடியையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு வந்து இன்னும் கொஞ்சம் திருப்பினான்.