விசிறிக்குள் பஞ்சு

கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் இம்மானுவேல் வயரைக் கழற்றி மறுபடியும் மாட்டினான். பெட்டிக்குள் விசிறி சுற்றியது, முகப்பில் விளக்கு எரிந்தது, திரை மட்டும் கறுப்பாகவே கிடந்தது. நாகஜோதி சுவரில் சாய்ந்து அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி நின்னுச்சுன்னு சொல்லுங்கக்கா."

"கல்யாண ஆல்பம் பண்ணிக்கிட்டிருந்தேன் தம்பி. காலையிலருந்தே விசிறி ஓன்னு இரைஞ்சுச்சு. பொறவு திரையில கோடு கோடா ஓடுச்சு. பொசுக்குன்னு இருட்டிருச்சு. லேசா கருகுன வாடை வேற."

ராஜபாளையத்தில் இரண்டு ஸ்டுடியோக்காரர்களுக்கு அவள் வீட்டிலிருந்தே ஆல்பம் செய்து கொடுக்கிறாள். அதற்கு முன்னால் தெருவுக்கு எதிரே இருக்கும் நூல் மில்லில், புருஷனைப்போலவே ஸ்பின்னிங் பிரிவில் வேலைக்கு இருந்தாள். மூச்சு இழுக்க ஆரம்பித்து, வாசலிலிருந்து மெஷின் வரை நடப்பதற்குள் உட்கார்ந்து எழும்ப வேண்டும் என்றானபோது வேலை போனது. போனது என்று சொன்னால் மில்காரர்கள் ஒப்ப மாட்டார்கள். அவளாகவே நின்றுகொண்டதாகக் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறார்கள். உட்கார்ந்தபடி செய்வதற்கு அவளுக்கு வாய்த்தது இந்த ஒரு வேலைதான். பெட்டி போனால் திரும்பவும் மில் வாசலில் போய்த்தான் நிற்க வேண்டும். அதை நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

இம்மானுவேல் ரேம் பலகையைக் கழற்றி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் ரப்பரால் அதன் ஓரத்தைத் தேய்த்து மாட்டினான். திரை அசையவில்லை. பிறகு படத்தைத் திரைக்கு அனுப்பும் கிராபிக்ஸ் கார்டை உருவி வெளியே வைத்துவிட்டு, திரை வயரை நேராகப் பெட்டியின் போர்டில் செருகினான். திரையில் வெளிச்சம் வந்தது.

"வந்திருச்சே," என்றாள் நாகஜோதி.

"பெட்டி நல்லாத்தான் இருக்கு. கார்டுதான் கோளாறு. இது இல்லாம ஆல்பம் ஓட்டுனீங்கன்னா நகரவே செய்யாது."

கார்டை சன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், அதன் முதுகிலிருந்த திருகாணிகளைக் கழற்றினான். விசிறியைத் தூக்கினான். அடியில் தெரிய வேண்டிய தகடுகள் தெரியவில்லை. பழைய மெத்தைக்குள் இருப்பதுபோல வெளிறிய ஏதோ ஒன்று அடைத்துக்கொண்டு கிடந்தது. குறடால் ஓரத்தைப் பிடித்து இழுத்தான். கார்டின் அளவுக்கே அப்படியே பாளமாகக் கழன்று வந்தது.

"பஞ்சுக்கா."

நாகஜோதி கிட்டே வந்தாள். "நல்லாப் பாத்துச் சொல்லுங்க தம்பி. அடுப்புப் புகையா இருக்காதா?"

அவன் சிரித்துவிட்டான். "அடுப்புப் புகையா? புகைன்னா பிசுக்கா ஒட்டும்லக்கா. இதுல என்ன சந்தேகம்? எம்புட்டு பஞ்சு பாருங்க. காத்துப் போக வழியே இல்ல. மூச்சு முட்டிச் செத்திருக்கு."

"சூடாகுதேன்னுதான் மூடியைக் கழட்டிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பி வச்சேன்."

"அதான். சன்னல்ல வாரது அம்புட்டையும் ஃபேன் உள்ள தள்ளிருக்கு."

சன்னலுக்கு வெளியே மில்லின் மதில். அதில் பதித்திருந்த பெரிய விசிறிகள் தெருவைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தன. எதிரே நின்ற வேப்பமரத்தின் இலைகள் பஞ்சு படிந்து வெளுத்திருந்தன.

போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் மில்மேல் அவள் போட்டிருந்த நஷ்டஈட்டு வழக்கு விசாரணைக்கு வந்தது. மில் தரப்பில் வந்த டாக்டர், இந்த இழுப்பு பஞ்சினால்தான் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது, வீட்டு அடுப்புப் புகையாகவும் இருக்கலாம் என்றார். அவர் அவள் வீட்டு அடுப்பைப் பார்த்தவரில்லை. சிலிண்டர் அடுப்புதான் வைத்திருக்கிறோம் என்று அவள் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவளுக்கு அழுகை வந்தது. பக்கத்து சீட்டுக்காரி பார்ப்பாளே என்று அடக்கிக்கொண்டாள்.

"தம்பி, இப்ப எங்கிட்டச் சொன்னீங்கல்ல, பஞ்சுதான்னு. இந்த வீட்டுக்குள்ளயே இம்புட்டு வருதுன்னு. அதை ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து சொல்லுவீங்களா?"

இம்மானுவேல் கையிலிருந்த பாளத்தைக் கீழே வைத்தான். அவள் வழக்கு தெருவுக்கே தெரியும், அவனுக்கும் தெரியும்.

"நான் கார்டுக்குத்தானக்கா சொல்ல முடியும்," என்றான்.

அவன் பெட்டியை வாசலுக்குத் தூக்கிப்போய், பையிலிருந்து மாஸ்க் எடுத்து மாட்டிக்கொண்டு புளோயரால் காற்றடித்தான். பஞ்சு வெள்ளையாகக் கிளம்பித் தெருவோடு போனது.

"கடையில ஒரு பழைய கார்டு கெடக்கு. நாளைக்குக் கொண்டாந்து போடுதேன், ஆல்பத்தை முடிச்சிருங்க," என்றான் மாஸ்க்கை இறக்கிவிட்டு. "ஆனா இனிமே பஞ்சு அண்டக் கூடாது. சன்னலை அடைச்சிருங்க. அண்ணனையும் மில் உடுப்போட உள்ள விடாதீங்க. அதுவும் போச்சுன்னா எங்கிட்ட வேற இல்லக்கா."

அவன் போனதும் நாகஜோதி சன்னல் கதவுகளைச் சாத்தி, இடுக்கில் பழைய சேலையைக் கிழித்துத் திணித்தாள். நடுவில் இரண்டு தடவை உட்கார்ந்து இளைப்பாற வேண்டியிருந்தது. அறை புழுங்கியது. வியர்வையைத் துடைத்துக்கொண்டு பெட்டியின் மூடியைப் பொருத்தி அதன்மேல் ஒரு துண்டைப் போர்த்தினாள்.

மில் சங்கு ஊதியது. கொஞ்ச நேரத்தில் அவள் புருஷன் சிவபாண்டி ஷிப்ட் முடிந்து வந்தான். அவனும் அதே ஸ்பின்னிங்தான். தலைமுடியிலும் புருவத்திலும் வெள்ளை படிந்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலை உள்ளே எடுத்து வைத்தவனை அவள் கை நீட்டி மறித்தாள்.

"உள்ள வராதீங்க. அங்கனயே நின்னு நல்லா உதறிட்டு வாங்க."

"ஏட்டி, என்னாச்சு? என்னைக்கும் இல்லாத சட்டமா இருக்கு."

"பஞ்சு மெஷினுக்கு ஆகாதாம்."

சிவபாண்டி அவளைப் பார்த்தான். உள்ளே துண்டு போர்த்தியிருந்த பெட்டியைப் பார்த்தான். பிறகு தெருவில் இறங்கி, சட்டையைக் கழற்றி உதறினான். குனிந்து தலையைத் தட்டிவிட்டபோது இருமல் வந்தது. மதிலைப் பிடித்துக்கொண்டு இருமினான். இருமல் அடங்கியதும் சட்டையை எடுத்து, பெட்டி இருக்கும் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, இன்னொரு தடவை உதறினான்.